நூற்றுக்கு நாலு பேர்

அந்த வீட்டில் ஒரு வருஷமாக வேறு பேச்சே கிடையாது. நூற்றுக்கு நாலு. விண்ணப்பம் போடுகிற நூறு பிள்ளைகளில் நாலு பேரைத்தான் அந்தப் பல்கலைக்கழகம் உள்ளே விடும். மற்றவர்களுக்கு மிகவும் மரியாதையாக வருத்தம் தெரிவித்துவிடும். மகள் இதைப் பல் தேய்த்துக்கொண்டே சொல்வாள், சாப்பிட்டுக்கொண்டே சொல்வாள், தூக்கத்தில் புரண்டு படுக்கும்போதும் சொல்கிறாளோ என்று பெற்றவர்களுக்குச் சந்தேகம். அவள் வேறெதையாவது பேசிக் கேட்டு நாளாகிவிட்டது.

படிப்பில் அவள் கெட்டி. பள்ளிக்கூடத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அந்த நூறு பேருமே அவரவர் பள்ளிக்கூடத்தில் மிஞ்ச ஆளில்லாதவர்கள்தானாம். இது தெரிந்த நாளிலிருந்து அவள் நிம்மதி போய்விட்டது. இணையத்தில் ஓர் இடம் இருக்கிறது. இவளைப் போன்ற பிள்ளைகள் தங்கள் மதிப்பெண்ணிலிருந்து ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கோப்பை வரை அங்கே கடைபரப்பிவிட்டு, "எனக்கு இடம் கிடைக்குமா?" என்று கேட்பார்கள். முகம் தெரியாத யாரோ வந்து தீர்ப்பு எழுதிவிட்டுப் போவான். மகளும் கடைபரப்பினாள். "நல்ல மாணவிதான், ஆனால் சுவாரஸ்யமில்லை" என்று ஒருவன் எழுதினான். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

"எவன்டி அவன்?" என்று கேட்டாள் அம்மா. "பேரு தெரியுமா, ஊரு தெரியுமா? அவன் சொன்னான்னு நீ எதுக்குப் பட்டினி கிடக்கிற?"

"அவன் அங்க படிக்கிறவனா இருக்கலாம்மா."

"அங்க படிக்கிறவனுக்குப் படிக்கிற வேலை இல்லையா? உக்காந்து ஊரான் பொண்ணுக்கு மார்க் போட்டுட்டு இருக்கானா?"

அம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். பணிமனையில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஹாரன் என்பார்கள், வயதில் சின்னவர்கள் ஹாரன் அக்கா என்பார்கள். வண்டியின் ஹாரனை அவள் அதிகம் தொடமாட்டாள். ஜன்னல் வழியாக அவளே ஒரு குரல் கொடுத்தால் முன்னால் போகிறவன் தானாக ஒதுங்கிவிடுவான். பெரிய வண்டி ஓட்ட வந்த புதிதில், படியில் கால் வைத்துவிட்டு, "பொம்பளையா ஓட்டுது?" என்று இறங்கிப்போன பயணிகள் உண்டு. இப்போது அதே வழித்தடத்தில் முன்னால் வருகிற வண்டியை விட்டுவிட்டு அவள் வண்டிக்காகக் காத்து நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஸ்டியரிங்கை அவளுக்கு யாரும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. அதைப் பற்றி ஒருவர் ஒரு சொல் சொல்ல அவள் இடம் வைத்ததும் இல்லை.

பணிமனையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்து இறங்குகிற ஓட்டுநர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு நடையைக் கட்ட முடியாது. அடுத்து ஏறப்போகிறவரை நேருக்கு நேர் பார்த்து, வண்டிக்கு என்ன குறை என்று வாயால் சொல்லி ஒப்படைக்க வேண்டும். இடதுபக்கக் கண்ணாடி ஆடுகிறது, பின்கதவு மூட அடம்பிடிக்கிறது, மேட்டில் முக்குகிறது என்று எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். ஹாரனுக்கு இந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது. மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் நாளே ஆசிரியையைத் தேடிப் போய், "பிடிவாதம் ஜாஸ்தி, பசி வந்தா அழுவா, மத்தபடி கோளாறு ஒண்ணும் இல்ல" என்று ஒப்படைத்துவிட்டு வந்தவள் அவள். ஆசிரியை விழுந்து விழுந்து சிரித்தாளாம்.

சுவாரஸ்யமில்லை என்ற தீர்ப்புக்குப் பிறகு மகள் ஓர் ஆலோசகரைப் பிடித்தாள். பெரிய இடங்களில் பிள்ளைகளை நுழைத்துவிடுவதற்கென்றே பிறவி எடுத்த மனிதர். அவருடைய அறைச் சுவர் முழுக்கப் பல் தெரியச் சிரிக்கிற பிள்ளைகளின் படங்கள். முதல் தடவை ஹாரனும் கூடப் போனாள். அவர் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை; இடம் கிடைக்க மனதைத் தொடுகிற ஒரு கஷ்டக் கதை வேண்டும் என்றார். வீட்டில் யாருக்காவது பெரிய நோய் உண்டா என்று கேட்டார். இல்லை. அப்பா அம்மா பிரிந்திருக்கிறார்களா? இல்லை. தீ விபத்து, வெள்ளம், ஏதாவது? இல்லை. அப்பா என்ன செய்கிறார்? வீட்டிலேயே திரைச்சீலை தைக்கிறார். அம்மா பேருந்து ஓட்டுகிறாள் என்றதும் அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

"ஆனா உழைக்கிற அம்மா கதை போன வருஷமே மூட்டை மூட்டையா வந்துருச்சு," என்று தானே பெருமூச்சு விட்டார். "வேலையில ஏதாவது அவமானம்? அழுதுட்டே வீட்டுக்கு வந்த மாதிரி?"

"என்னை அவமானப்படுத்திட்டு எவன் வீடு போய்ச் சேருவான்?" என்றாள் ஹாரன்.

மலர்ந்த முகம் வாடிவிட்டது. "உங்க வாழ்க்கையில ஒரு மேடு பள்ளமே இல்லையேம்மா," என்றார் பரிதாபமாக.

"பள்ளம் வேணும்னா என் ரூட்ல ஒரு நாள் வந்து உக்காருங்க. இடுப்பு கழண்டுரும்."

மகள் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தாள். அடுத்த தடவையிலிருந்து தனியாகத்தான் போனாள்.

விண்ணப்பம் போனது. பிறகு நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தில் எப்போதோ படித்து முடித்தவர்கள் அவரவர் இருக்கிற ஊரில் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசி, தங்கள் அபிப்பிராயத்தை எழுதி அனுப்புவார்களாம். இவளுக்கு வாய்த்தவர் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு டாக்டரம்மா. விடுமுறை நாளில் தன்னுடைய மருத்துவமனைக்கே வரச் சொல்லியிருந்தார்.

"அப்பா கூட்டிட்டுப் போகட்டும். நீ வேணாம்மா," என்றாள் மகள். ஆனால் அப்பாவுக்கு அன்றைக்குப் பார்த்து ஒரு விடுதியில் திரைச்சீலை மாட்டுகிற வேலை வந்துவிட்டது. ஹாரன் காலை வண்டியை ஒப்படைத்துவிட்டு, சீருடையைக்கூட மாற்றாமல் வந்து அழைத்துப் போனாள். வாசல்வரை மகள் ஓதிக்கொண்டே வந்தாள். "வெளியிலயே இரு. உள்ள வராத. பேசாத."

"சரிடி. நான் என்ன கடிச்சா வைக்கப்போறேன்?"

காத்திருக்கும் இடத்தில் குழந்தைகளுக்கான குட்டி நாற்காலிகள்தான் இருந்தன. ஹாரன் ஒன்றில் உட்கார்ந்து பார்த்து, முழங்கால் மோவாயில் இடிக்கவே, எழுந்து நின்றுகொண்டாள். கதவு மூடியே இருந்தது. உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது, வார்த்தை புரியவில்லை. கடைசியில் கதவு திறந்தபோது மகளின் கண் சிவந்திருந்தது.

"என்னாச்சுடி? திட்டினாங்களா?"

"ஒண்ணுமில்ல. வா, போலாம். வாம்மா."

டாக்டரம்மா கதவருகில் நின்றிருந்தார். ஹாரனால் அப்படியே திரும்பிவிட முடியுமா? பிள்ளையின் தலையெழுத்தை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் போவது அவள் அகராதியில் கிடையாது. மகள் கையைப் பிடித்து இழுக்க இழுக்க, நேரே போய் நின்றாள்.

"வணக்கம் டாக்டரம்மா. நான் இவ அம்மா. பொண்ணு கொஞ்சம் பதட்டக்காரி, சட்டுனு அழுதுருவா. மத்தபடி தங்கம். நீங்கதான் பார்த்துக்கணும்."

டாக்டரம்மா அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"உங்களைப் பார்க்க முடியாதான்னு நினைச்சேன். எவ்வளவு பெரிய தைரியசாலிம்மா நீங்க! நிறுத்தி எவ்வளவு நாளாச்சு?"

"எதை?"

"இதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்ல. உங்க பொண்ணு எல்லாத்தையும் சொன்னா. நீங்க ஒளிச்சு வச்ச பாட்டிலைத் தேடித் தேடிக் கொட்டினது, காலையில முகத்துல தண்ணியடிச்சு உங்களை எழுப்பி வேலைக்கு அனுப்பினது. அந்தச் சின்ன வயசுல! அதையெல்லாம் தாண்டி நீங்க வெளியில வந்திருக்கீங்க பாருங்க."

ஹாரன் மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள்.

குடியென்றால் அதன் வாடையே ஆகாது ஹாரனுக்கு. குடித்துவிட்டு ஏறுகிறவனைக் கழுத்தைப் பிடித்து இறக்கிவிட்டு, மற்ற பயணிகளிடம் கைத்தட்டல் வாங்கியவள். 'பொய்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வந்தது அங்கேயே நின்றது. அதைச் சொன்னால் பெண் பொய்க்காரியாவாள். இந்த அறையோடு அவள் கதை முடிந்தது. ஒரு வருஷமாகப் பெண் பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவள் ஹாரன். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ரெண்டு வருஷம் ஆச்சுங்க," என்றாள்.

டாக்டரம்மா கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அப்போதுதான் சீருடைச் சட்டையில் குத்தியிருந்த ஓட்டுநர் பேட்ஜ் அவர் கண்ணில் பட்டது. "நீங்க பஸ் ஓட்டுறீங்களா?" மகள் எல்லாவற்றையும் சொன்னவள், இதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தாள்.

"ஆமாங்க. இவ கைக்குழந்தையா இருந்தப்பவே சேர்ந்துட்டேன்." வழக்கமாகப் பெருமையோடு சொல்கிற பதில் அது. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்படின்னா அந்தக் காலத்துலயும், அப்படி எழுந்து போய், பஸ்தான் ஓட்டினீங்களா?"

டாக்டரம்மா மெதுவாகக் கையை விட்டார்.

வீடு வந்து சேரும்வரை ஹாரன் வாய் திறக்கவில்லை. அவள் கத்தாமல் வருவதுதான் மகளுக்கு அதிகப் பயமாக இருந்தது. கதவைச் சாத்தியதும் ஹாரன் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எப்படி குடிச்சேன்? பாட்டில்லயா, டம்ளர்லயா? சொல்லுடி, எனக்கும் தெரியணும்ல!"

"அந்த ஆலோசகர்தாம்மா சொன்னார்," மகள் அழ ஆரம்பித்தாள். "அப்பா குடிக்கிற கதை கட்டுக்கட்டா வருதாம். அங்க தேர்வு செய்றவங்களுக்கு அலுத்துப்போச்சாம். அம்மா குடிச்சா அபூர்வமாம். நிமிர்ந்து உக்காருவாங்களாம்."

"யாரோ நிமிர்ந்து உக்கார நான் குடிகாரி ஆகணுமா? ஏன், நோய்னு சொல்றது. கால் உடைஞ்சு கிடந்தேன்னு சொல்லித் தொலைக்கிறது!"

"நோய்னா ஆஸ்பத்திரிச் சான்று கேட்பாங்களாம். குடிக்கு யாரும் சான்று கேட்க மாட்டாங்களாம்."

இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். பக்கத்து அறையில் ஓடிக்கொண்டிருந்த தையல் இயந்திரம் எப்போதோ நின்றுவிட்டது. விடுதி வேலை முடிந்து வந்திருந்த கணவர் கழுத்தில் அளவு நாடாவோடு கதவருகில் வந்து நின்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"உங்களுக்குத் தெரியும்."

"எங்கிட்ட பேசிக் காட்டினா," என்றார் தையல்காரர் நாடாவைச் சுருட்டிக்கொண்டே. "வெறும் பேச்சுதானேன்னு விட்டுட்டேன். நடுவுல ஒரு இடம் தொளதொளன்னு இருந்துச்சு. அதைக் கொஞ்சம் பிடிச்சுவிடச் சொன்னேன், அவ்வளவுதான்."

"பிடிச்சுவிட்டீங்களா! பெண்டாட்டி குடிச்சிட்டு விழுந்து கிடக்கிற இடத்தைப் பிடிச்சுத் தைச்சு அழகு பார்த்தீங்களா?" கையில் அகப்பட்ட திரைச்சீலையை எடுத்து அவர் மேலேயே எறிந்தாள். "என்னைத் தவிர மத்த எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, நான் குடிகாரின்னு!"

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாம நல்லா இருக்கோம்மா, அதான் பிரச்சனை. எனக்குச் சொல்லிக்க ஒண்ணுமே இல்ல. நீ ஒரு தப்பும் பண்ணல, அப்பா ஒரு தப்பும் பண்ணல. நான் என்னத்தைப் போய்ச் சொல்றது?"

பெற்றவர்கள் ஒழுங்காக இருந்தது ஒரு குற்றம் என்று அன்றைக்குத்தான் ஹாரன் கேள்விப்பட்டாள். இரவு முழுக்க எரிந்தாள். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சமாதானம் செய்துகொண்டாள்: போகட்டும், மூடின அறைக்குள் நடந்தது, அந்த டாக்டரம்மா யாரோ நாம் யாரோ. பெண்ணுக்கு இடம் கிடைத்தால் சரி.

டாக்டரம்மா நல்ல மனுஷி. சிக்கலே அதுதான். குடித்துவிட்டு ஒருத்தி ஊர் ஜனத்தை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாள் என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க அவர் மனசாட்சி விடவில்லை. அடுத்த வாரமே ஹாரனைப் பணிமனை மேற்பார்வையாளர் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலியைக் காட்டினார். அவர் யாருக்கும் நாற்காலி காட்டுகிற ஆளில்லை.

"உன் மேல ஒரு புகார் வந்திருக்கு, ஹாரன். எனக்கே வாய் கூசுது. குடின்னு."

"ஊதிக் காட்டவா? இப்பவே கொண்டாங்க!"

"இன்னைக்கு ஊதி என்ன ஆகப்போகுது? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி குடிச்சதா புகார். சொன்னது உன் பொண்ணு. நீயே ஒத்துக்கிட்டன்னு சொல்றாங்க. ஒத்துக்கிட்டியா?"

அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கையில்தான் அவளுக்கு உறைத்தது. பெண் சொன்னது மட்டும் என்றால் பொய் என்று தள்ளிவிட்டிருக்கலாம். அதற்கு முத்திரை குத்திக் கொடுத்தது தான்தான்.

"விசாரணை முடியறவரைக்கும் வண்டியைத் தொட வேணாம்," என்றார் அவர் அவள் முகத்தைப் பார்க்காமல். "அது பொய்யின்னா, சொன்ன பொண்ணே வந்து பொய்யின்னு சொல்லட்டும். அன்னைக்கே ஏத்திவிட்டுர்றேன்."

வண்டியைத் தொடக்கூடாது என்றார்களே தவிர, வண்டியைக் கழுவலாம். கழுவுகிற கொட்டகையில் தண்ணீர்க் குழாயோடு நிற்க வைத்தார்கள். அவள் ஓட்டிய வண்டியை வேறொருவன் எடுத்துப் போனான். அவன் இறங்கி வந்து, அடுத்து ஏறப்போகிறவள் அவள்தான் என்ற பழைய பழக்கத்தில் அவளிடம் வந்து, "பின்கதவு மக்கர் பண்ணுதுக்கா," என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு போனான். சிலர் அனுதாபமாகப் பார்த்தார்கள். சிலர் அவள் பக்கத்தில் வந்ததும் மூக்கை லேசாக உறிஞ்சினார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. குழாயை அவர்கள் பக்கம் திருப்பிவிடலாமா என்று வந்தது.

வீட்டில் அவள் கேட்கவில்லை. மகளே வந்து சொல்வாள் என்று காத்திருந்தாள். எத்தனை கோபத்திலும் அந்த நம்பிக்கை அவளுக்கு இருந்தது. பெண் சுற்றிச் சுற்றி வந்தாள், அம்மாவின் ஈரச் சட்டையைப் பிழிந்து காயப்போட்டாள், தேநீர் போட்டுக் கொடுத்தாள். சொல்லவேண்டியதை மட்டும் சொல்லவில்லை. விசாரணைக்கு முந்தின நாள் மாலை ஹாரனே வாயைத் திறந்தாள்.

"நாளைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்றியா?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"நான் பொய் சொன்னேன்னு டாக்டருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதாம்மா. உடனே எழுதி அனுப்பிருவாங்க," என்றாள் மகள். "முடிவு வர இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு. அதுவரைக்கும் பொறுத்துக்க. இடம் கிடைச்சதும் நானே வந்து சொல்லிர்றேன்."

"கிடைச்சப்புறம் சொன்னா மட்டும் கொஞ்சுவாங்களா? அப்பவும்தான் பிடுங்குவாங்க. அப்ப என்ன சொல்லுவ? படிச்சு முடிக்கிறவரைக்கும் பொறுத்துக்கன்னா?"

மகள் நகத்தைக் கடித்தாள். அவள் அதையும் யோசித்திருக்கிறாள் என்று ஹாரனுக்குத் தெரிந்தது.

"கொட்டகை வேலைக்கும் சம்பளம் உண்டுல்ல?" என்றார் தையல்காரர் மெதுவாக. "பெத்தவங்க பிள்ளைக்காக விட்டுக்கொடுக்கிறது புதுசா?"

"நீங்க குடிகாரரா இருந்து விட்டுக்கொடுங்களேன்! உங்க பேரைக் கொடுங்க, நான் வேணாங்கல!" கத்திய கத்தலில் மேஜைமேல் இருந்த கத்தரிக்கோல் அதிர்ந்தது. "எவனோ ஒருத்தன் சுவாரஸ்யமில்லைன்னு சொன்னான். அந்த ஒரு வார்த்தைக்காக நான் இவ்வளவு வருஷம் ஓட்டின ஓட்டமெல்லாம் சாக்கடையா? போங்க, யாரும் வர வேணாம். நானே பேசிக்கிறேன்."

டாக்டரம்மாவின் எண் மகளிடம் இருந்தது. ஹாரன் கையை நீட்டினாள். மகள் தயங்கித் தயங்கிக் கொடுத்தாள். எல்லாரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டு, போனை மேஜைமேல் வைத்து, நின்றபடியே பேசினாள்.

"டாக்டரம்மா, அன்னைக்கு வந்தேனே, பஸ் ஓட்டுறவ. நான் குடிச்சதே இல்லீங்க. பொண்ணு இடத்துக்காகச் சொன்னா. அவளைக் காட்டிக்கொடுக்க மனசு வராம நானும் தலையாட்டிட்டேன். ரெண்டு பேர் மேலயும் தப்பு. ஆனா குடிக்கல."

மறுமுனையில் வந்த குரல் மிகவும் கனிவாக இருந்தது.

"உங்க கஷ்டம் புரியுதும்மா. வேலை போயிருமோன்னு பயப்படுறீங்க. மறுக்கிறதும் இந்த நோயோட ஒரு குணம்தான். இதுக்கு நல்ல சிகிச்சை இருக்கு. நானே ஒருத்தர்கிட்ட சொல்லி வைக்கட்டுமா?"

"அய்யோ, நான் சொல்றதைக் கேளுங்க! எனக்கு நோயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! நான் குடிக்கல!"

"கோபப்படாதீங்க. இப்பவும் ஏதாவது எடுத்திருக்கீங்களா?"

ஹாரன் அப்படியே நின்றாள். கத்தினால் குடித்திருக்கிறாள் என்பார்கள். கத்தாவிட்டால் மறைக்கிறாள் என்பார்கள். தன் வாயால் இனி தனக்கு ஒரு உபயோகமும் இல்லை என்பது அவளுக்குப் புரிந்தது.

"பொண்ணு பக்கத்துல இருக்காளா?" என்றது குரல். "அவளை ஒரு நிமிஷம் பேசச் சொல்லுங்க."

மகள் மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தாள். ஹாரன் போனை அவள் பக்கம் தள்ளினாள். திட்டவில்லை, கெஞ்சவும் இல்லை, பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். தையல்காரர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"சொல்லும்மா," என்றார் டாக்டரம்மா. "அம்மா சொல்றது நிஜமா? பயப்படாம சொல்லு."

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆலோசகர் அறையில் பழகிய அந்த நிதானமான குரல் வந்தது.

"விசாரணைன்னதும் அம்மா ரொம்பப் பயந்துட்டாங்க டாக்டர். அதான் இப்படிப் பேசுறாங்க. நாங்க பார்த்துக்கிறோம்."

"நீ ரொம்பப் பெரிய மனசுக்காரிம்மா. தைரியமா இரு," என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா வைத்துவிட்டார்.

தையல்காரர் இரண்டடி பின்னால் போனார். இப்போது வீடு இரண்டாகப் போகிறது என்று அவர் எதிர்பார்த்தார். மகளும் தோளைக் குறுக்கிக்கொண்டு அடிக்குத் தயாராக நின்றாள். ஹாரனும் அதைத்தான் எதிர்பார்த்தாள். இவ்வளவு நாளும் தன்னோடு கூடவே இருந்த கோபத்தை அவள் தேடிப் பார்த்தாள். சாலையில் எதிரே வந்தவன் மேல், முகம் தெரியாத அந்த இணையக்காரன் மேல், ஆலோசகர் மேல், புருஷன் மேல் எல்லாம் வந்த கோபம், இந்தப் பெண் மேல் வரவில்லை. தன் ஆள் என்று நினைத்ததால்தானே இவளை இவ்வளவு நாள் திட்டினோம் என்று தோன்றியது.

"ஏதாவது சொல்லிரும்மா," என்றாள் மகள். "நாலு அறை வேணா அறைஞ்சிரு. பேசாம மட்டும் இருக்காத."

நாளை விசாரணைக்குப் போட்டுக்கொள்ளச் சீருடையை இஸ்திரி போட வேண்டும். நம்பினாலும் நம்பாவிட்டாலும் உள்ளதைச் சொல்லிவிட்டு வரவேண்டியதுதான். சட்டை உள்ளறையில் இருந்தது. மகள் அந்தக் கதவை மறித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"கொஞ்சம் வழி விடுங்க," என்றாள் ஹாரன், பேருந்தில் முன்பின் தெரியாத பயணியிடம் சொல்கிற மாதிரி, மரியாதையாக.

மகள் ஒதுங்கி நின்றாள்.